யார் வீட்டுத் திரையை யார் விலக்குவது?



இதழ் இந்த முறையும் பிந்தித்தான் வருகிறது. அச்சகத்துப் பாக்கி, காகிதப் பாக்கி எல்லாம் வழக்கமானவை. அவற்றைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இந்தத் தாமதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மகளிர் நாளுக்கென்று ஒதுக்கிவைத்த 12 பக்கங்களில் எதைப் போடுவது என்று எங்களுக்குள் நடந்த சண்டை மூன்று வாரம் இழுத்துவிட்டது.

நம் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அமெரிக்கப் பெண் பெட்டி மஹ்மூதி எழுதிய 'நாட் வித்தவுட் மை டாட்டர்' என்ற தன்வரலாற்றிலிருந்து இரண்டு அத்தியாயங்களைத் தமிழாக்கி அனுப்பியிருந்தாள். நல்ல தமிழ், எங்கும் தடுக்கவில்லை. கூடவே ஒரு கடிதம். "அக்கா, முஸ்லிம் பெண்கள் படுற பாட்டப் பத்தி நம்ம இயக்கத்துல யாரும் வாயத் தொறக்கறதில்ல. ஜமாஅத்து ஆம்பளைங்க மேடைக்கு வரமாட்டாங்கன்னு பயம். நீங்களாவது போடுங்க."

அந்தத் தங்கை சொன்ன குற்றச்சாட்டு பொய்யில்லை. தலித்-இஸ்லாமியர் ஒற்றுமை என்று நாம் போடும் மேடைகளில் அந்தப் பக்கமும் ஆண்கள், இந்தப் பக்கமும் ஆண்கள். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பேசியே ஆகவேண்டும். ஆனால் அந்த இரண்டு அத்தியாயங்களைப் போடக்கூடாது என்றுதான் ஆசிரியர் குழுவில் நான் நின்றேன். ஏன் என்பதை எழுத்தில் வைப்பது என் கடமை. குழுவில் இதை ஏற்காத தோழர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அடுத்த இதழில் எழுதுவார்கள்.

முதலில் அந்தப் புத்தகம். ஈரானிய மருத்துவரை மணந்த பெட்டி, 1984-ல் கணவனோடும் மகளோடும் தெஹ்ரானுக்குப் போகிறார். இரண்டு வார விடுமுறை என்று போன இடத்தில், இனி இங்கேதான் என்கிறான் கணவன். அடி, காவல், பூட்டு. 1986 தொடக்கத்தில் மலை வழியாகத் துருக்கிக்குத் தப்புகிறார். 1987-ல் புத்தகம், 1991 ஜனவரியில் சினிமா. சினிமா வெளிவந்த அதே மாதம்தான் வளைகுடாப் போர் தொடங்கியது. கணவன் பிற்காலத்தில் எல்லாவற்றையும் மறுத்தான். மறுக்கட்டும். புருஷன்காரன் அடித்தான் என்று ஒருத்தி சொல்லும்போது அவளுடைய பாஸ்போர்ட் என்ன நிறம் என்று பார்க்கிறவள் இல்லை நான். அந்த அடியை நான் நம்புகிறேன்.

நான் நம்பாதது அந்த அடியைச் சுற்றி வரைந்த படத்தை. ஒரு ஆணின் கொடுமை அங்கே ஒரு நாட்டின் குணமாகிவிடுகிறது, ஒரு மதத்தின் நாற்றமாகிவிடுகிறது. ஈரானியப் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள், சமைக்கிறார்கள், அழுக்காக இருக்கிறார்கள், கறுப்புத் துணிக்குள் மறைகிறார்கள். அவர் தப்பிக்க வழிசெய்தவர்களே ஈரானியர்களும் குர்துகளும்தான். இருந்தாலும் புத்தகத்தை மூடும்போது மனதில் நிற்பது ஒரே ஒரு மனுஷி, வெளியேறிப்போன வெள்ளைக்காரி. அவர் தெஹ்ரானில் இறங்குவதற்கு ஐந்து வருடம் முன்பு, 1979 மார்ச் 8 அன்று, அதே ஊர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கட்டாயத் தலைத்துணியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அவர்கள் இருந்தால் கதாநாயகிக்கு இடமிருக்காது.

இது ஒரு புத்தகத்தின் குறை என்றால் இத்தனை பக்கம் வீணாக்கமாட்டேன். இதுவே ஒரு வார்ப்பு. ஜீன் சாஸன் என்ற அமெரிக்கர் 1992-ல் 'பிரின்சஸ்' எழுதினார். சவூதி இளவரசி ஒருத்தி 'நான்' என்று பேசுவதுபோல எழுதியவர் அமெரிக்கர். அதற்கு அடுத்த கட்டத்தையும் பார்த்தோம். 2003-ல் நோர்மா கௌரி என்பவர், ஜோர்டானில் தன் தோழியை அவளுடைய அப்பனே கொன்றுவிட்டான் என்று தன் கதையாக ஒரு நூல் எழுதினார். பல நாடுகளில் விற்றுத் தீர்ந்தது. 2004-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று தோண்டியபோது, கதை நடந்ததாகச் சொன்ன வருடங்களில் அவர் சிகாகோவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது.

இதில் யாருக்கு நட்டம்? பதிப்பாளருக்கா? ஜோர்டானில் ரனா ஹுசைனி என்ற பத்திரிகையாளர் 1990-களிலிருந்து இப்படிப்பட்ட கொலைகளை ஒவ்வொன்றாக எழுதி, கொலைகாரனுக்குத் தண்டனையைக் குறைக்கும் சட்டப்பிரிவை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்ப் புத்தகத்தில் பிழை கண்டு சொன்னவர்களும் அவரைப் போன்ற பெண்களே. இனி அவர்கள் நிஜமான பிணத்தைக் காட்டினாலும், "இதுவும் மேற்கத்திய கட்டுக்கதை" என்று சொல்ல அந்த ஊர் ஆண்களுக்கு வாய் கிடைத்துவிட்டது. இரட்சிக்க வந்த புத்தகம் செய்த வேலை இது.

இந்த வார்ப்புக்கு அரசியல் வயது அதிகம். எகிப்தை ஆண்ட குரோமர் பிரபு, முகத்திரைதான் அந்த நாட்டின் முன்னேற்றத்துக்குத் தடை என்று வருந்தியவர். லண்டனுக்குத் திரும்பியதும் ஆங்கிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற சங்கத்துக்குத் தலைவராக இருந்தார்! 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் வந்து, ஆப்கன் போர் அங்குள்ள பெண்களின் உரிமைக்கான போரும்கூட என்றார். 20 வருடம் குண்டு போட்டுவிட்டு 2021 ஆகஸ்டில் கிளம்பிப் போனார்கள். பெண் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு தாலிபான் உட்கார்ந்திருக்கிறது.

எல்லா வெள்ளைக்காரப் பெண்களும் இப்படித்தான் எழுதினார்கள் என்று யாராவது சொன்னால் அதுவும் சோம்பேறித்தனம். 1717-ல் துருக்கி போன மேரி வொர்ட்லி மாண்டேகு, அங்குள்ள பெண்களுக்குச் சொந்தச் சொத்து இருப்பதை எழுதிவைத்தார். குளியல் கூடத்தில் துருக்கிப் பெண்கள் அவருடைய இறுக்கமான உள்கச்சையைப் பார்த்துவிட்டு, புருஷன்தான் இவளை இந்தக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறான் என்று பரிதாபப்பட்டார்களாம். அவரே அதை எழுதியிருக்கிறார். பார்க்கப்போன இடத்தில் தன்னையும் பார்க்கவிட்டவர். அந்தப் பெருந்தன்மை பின்னால் வந்த பலரிடம் இல்லை.

இதெல்லாம் மரக்காணத்துக்காரிக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊரைக் கொஞ்சம் சொல்கிறேன். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தை, மாசியில் தொடங்கினால் புரட்டாசி மழை வரைக்கும் வேலை. ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் கூட்டுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்து, வரப்பு மேலேயே நடந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். இந்தப் பெண்களை நீங்கள் வேலை நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை. தலையைச் சுற்றி, வாயையும் மூக்கையும் மூடி ஒரு துண்டு. கண் மட்டும் தெரியும். வெள்ளை உப்பில் பட்டு எகிறும் வெயில் மூஞ்சைத் தீய்த்துவிடும், அதற்காக. உலகத்தில் எவரும் இந்த முக்காட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டதில்லை. இதைக் கழற்றி எங்களை விடுவிக்க எந்தப் படையும் வந்ததில்லை. கூலி கம்மி, கண்பார்வை மங்குது, காலில் உப்பு அறுத்த புண் ஆறலை என்று சொன்னால் அது யாருக்கும் புத்தகமாகத் தோன்றுவதில்லை.

ஒருமுறை தோன்றியது. பல வருடம் முன்பு, ஒரு வெளிநாட்டு அம்மா தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக வந்து எங்கம்மாவிடம் இரண்டு நாள் பேசினார். நல்ல மனுஷிதான், எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தார். எங்கம்மா பேசியதில் முக்கால்வாசி கூலி. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி ஏன் என்று கேட்டு அந்த வாரம்தான் இவர்கள் கூடையைக் கீழே வைத்திருந்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு வாக்கியமாகச் சுருக்கினார். "மூஞ்ச மூடாம கொஞ்சம் நில்லுங்கம்மா, போட்டோவுக்கு" என்றதும் எங்கம்மா சொன்னது எனக்கு மறக்காது: "எதுக்குப்பா, வெயிலு அவங்களுக்கா ஒறைக்கப்போவுது?" அச்சாகி வந்த சிறுநூலில் எங்கம்மா தலை குனிந்து நிற்கிறார். குரலற்ற பெண் என்று கீழே போட்டிருந்தது. எங்கம்மாவுக்குக் குரல் இல்லையாம்! தெருவே சிரித்தது.

கேட்கத் தெரிந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். எங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய கிராமத்துப் பண்ணையாள் வீரம்மாவை ஜோசியான் ரசீன் பத்து வருடம் உட்கார்ந்து கேட்டார். 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. அதில் வீரம்மா பேசுகிறார், பாடுகிறார், கெட்டவார்த்தை சொல்கிறார், ஆண்டையைத் திட்டவும் செய்கிறார், ஆண்டையிடம் விசுவாசமாகவும் இருக்கிறார். நம் துண்டறிக்கை மாதிரி அவர் பேசவில்லையே என்று நம் தோழர்கள் சிலருக்கு வருத்தம். நமக்கும் நம் வார்ப்பு இருக்கிறது போலிருக்கிறது.

வெளியாள் எழுதுவதை நாம் என்ன செய்வது என்பது தலித்துகளுக்குப் புதுக் கேள்வியும் இல்லை. 1927-ல் காதரின் மேயோ 'மதர் இந்தியா' எழுதினார். குழந்தை மணம், விதவைக் கொடுமை, கோஷா, தீண்டாமை எல்லாம் அதில் உண்டு. இந்த நாட்டுக்குச் சுயராஜ்யம் கொடுக்கலாகாது என்று நிரூபிப்பதே நோக்கம், வெள்ளை அதிகாரிகளின் ஒத்தாசையும் இருந்தது. காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். தேசமே கைதட்டியது. கைதட்டியவர்கள் யாரும் அந்தச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் இல்லை. உள்ளே நின்றவனுக்கு ஆய்வாளர் வருவது அவமானமா? அன்று சுயமரியாதை இயக்கத்தில் இருந்த கோவை அ. அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று ஒரு நூலே எழுதினார். மேயோவின் உள்நோக்கம் கெட்டது. மேயோ காட்டிய அழுக்கு நிஜம். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லும் திராணி நம் முன்னோருக்கு இருந்தது. அதனால்தான், "மேற்கத்திய சதி, எங்கள் மார்க்கத்தில் பெண் ராணி" என்று சில இஸ்லாமியத் தோழர்கள் கதவைச் சாத்தும்போது எனக்கு ஒப்பவில்லை. 'பாரதமாதாவை இழிவுபடுத்தாதே' என்று நம் வாயை அடைத்த அதே கதவு அது.

ஆனால் காப்பாற்ற வருகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வயிறு கலங்கும். 2012 நவம்பரில் தருமபுரி பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எரிந்தன. ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஒரு தலித் பையனை மணந்தாள் என்பதற்காக. அதன்பின் மாதக்கணக்கில் 'நாடகக் காதல்' என்று ஊர் ஊராகப் பிரசாரம். எங்கள் சாதிப் பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அந்தச் சூட்டோடுதான் 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டம் மரக்காணத்தைக் கடந்தது. கட்டையன் தெருவில் வீடுகள் எரிந்தன. பெண்ணைக் காப்பாற்றுவது என்றால் இங்கே பெட்ரோல் வாசனை அடிக்கும். காப்பாற்றப்பட்ட அந்தப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த சாதிக்காரன், அடுத்த மதத்துக்காரன் தன் பெண்ணுக்குக் கொடுமை செய்கிறான் என்ற கதைக்கு எப்போதும் ஒரு கூலிப்படை தயாராக இருக்கிறது. ஆணவக் கொலையை முஸ்லிம் நாட்டு நோய் என்று படித்த வெளிநாட்டு வாசகிக்கு உடுமலைப்பேட்டை சங்கரையோ கௌசல்யாவையோ தெரியாது. நமக்குத் தெரியுமே!

துணியைப் பற்றிய சண்டையிலும் நமக்கு நினைவு வேண்டும். தென் திருவிதாங்கூரில் 1820-களிலிருந்து 1859 வரை சாணார் பெண்கள் போராடியது மேலாடையைப் போட்டுக்கொள்வதற்காக. மேல்சாதி முன் மார்பை மூடக்கூடாது என்பது அங்கே சட்டம். மிஷன் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொடுத்த குப்பாயம் அன்று விடுதலை. அந்த மிஷன் பெண்களும் மேற்கத்தியப் பெண்கள்தான், நன்றி சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தெருவில் ஆடை கிழிபட்டு, அடிபட்டு நின்றவர்கள் மட்டும் நம் பெண்கள். ஈரானில் 1936-ல் மன்னன் ரேசா ஷா முக்காட்டுக்குத் தடை போட்டான். போலீஸ் தெருவில் பெண்களின் தலைத்துணியை உருவியது. 1979-க்குப் பிறகு அதே தெருவில் இன்னொரு போலீஸ் துணியை மாட்டியது. 2022-ல் மாஷா அமினி என்ற குர்துப் பெண் அந்தப் போலீஸ் காவலில் செத்தாள். பெண்கள் முக்காட்டைக் கொளுத்தினார்கள். அதே 2022-ல் நம் பக்கத்து மாநிலத்து உடுப்பியில் முக்காடு போட்ட மாணவிகள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், எதிரே காவித் துண்டு போட்ட பையன்கள் கூச்சல் போட்டார்கள். தெஹ்ரானில் கழற்றியவளும் உடுப்பியில் கழற்ற மறுத்தவளும் எனக்கு ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இதில் முரண் இருக்கிறது என்கிறவர் துணியைப் பார்க்கிறார். துணி மேல் யார் கை இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அந்தத் தங்கையின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: "பாபாசாகேப்பே பர்தாவைக் கண்டிச்சிருக்காரே." ஆமாம், பாகிஸ்தான் பற்றிய தன் நூலில் கண்டித்திருக்கிறார், கடுமையாகவே. மறைக்க எதுவும் இல்லை. இன்று அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து வாட்சப்பில் சுற்ற விடுகிறவர்கள் மறைப்பது வேறு. சதி, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம் இவற்றின் மேல்தான் சாதி நிற்கிறது என்று 1916-லேயே சொன்னவர் அவர். இந்துப் பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் தரும் மசோதாவை முடக்கியதை ஒரு காரணமாக வைத்து 1951-ல் அமைச்சர் பதவியை உதறினார். அடுத்த வீட்டைப் பேசும் தகுதியைத் தன் வீட்டை உடைத்துச் சம்பாதித்தவர்.

சரி, அப்படியானால் எதைப் படிப்பது? வெகுதூரம் போகவேண்டாம். 1905-ல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையில் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காள முஸ்லிம் பெண் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். அந்தக் கனவு நாட்டில் ஆண்களை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டுப் பெண்கள் விஞ்ஞானத்தால் ஆட்சி நடத்துகிறார்கள். சிரித்துக்கொண்டே செருப்பால் அடிக்கிற எழுத்து. நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற சித்தி ஜுனைதா பேகம் 1938-ல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம், ஆண்கள் ஜமாஅத்தில் பெண்ணுக்குப் பேச இடமில்லை என்றதும் பெண்கள் ஜமாஅத்தையே கூட்டிவிட்டார். கைவிடப்பட்ட பெண்கள் அங்கே வழக்கைத் தாங்களே சொல்கிறார்கள். முத்தலாக்கை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது ஷாயரா பானு. 2017-ல் தீர்ப்பு வந்ததும் அதைத் தன் சாதனையாக மேடையில் சொல்லிக்கொண்டவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

துவரங்குறிச்சி சல்மாவைத் தனியாகச் சொல்லவேண்டும். வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பின்னும் அதே. மறைத்து மறைத்துக் கவிதை எழுதினார். அவருடைய அம்மாதான் அதை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த அம்மாவும் முக்காடு போட்ட முஸ்லிம் பெண்தான். 2013-ல் பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோ அவரைப் பற்றிப் படம் எடுத்தார். அன்போடு எடுத்த படம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பூட்டிய அறையையும் சன்னலையும்தான். அந்த அறையின் பூட்டு எதனால் திறந்தது? 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டு ஆண்கள் நிற்கமுடியாததால் வீட்டுப் பெண்ணை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர் தானே நடக்கத் தொடங்கிவிட்டார். 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2025-ல் மாநிலங்களவை. கவிதை ஒரு கை, இடஒதுக்கீடு இன்னொரு கை. நமக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரண்டாவது கை, அயல்நாட்டு வாசகருக்குக் கவர்ச்சியாக இல்லை. அவருடைய நாவலில் பூட்டிய வீட்டுக்குள் பெண்கள் கேலி பேசுகிறார்கள், ஆசைப்படுகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்கவும் செய்கிறார்கள். பரிதாபத்துக்கு அங்கே இடம் குறைவு.

கடைசியில் என்ன முடிவு செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு அத்தியாயங்கள் வரவில்லை. அந்தத் தங்கையிடம் நேரில் பேசினேன், கோபம்தான் முதலில். "அப்ப நான் எழுதினது வேஸ்ட்டாக்கா?" என்றாள். உன் தமிழ் வேண்டும், ஆனா வேற வேலைக்கு என்றேன். 'சுல்தானாவின் கனவை' அவள் மொழிபெயர்ப்பில் இந்த இதழில் படியுங்கள். மீதிப் பக்கங்களில், திண்டிவனம் பக்கத்திலிருந்து இரண்டு முஸ்லிம் பெண்கள் ஜீவனாம்ச வழக்குக்கு அலைந்த கதையைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். தங்கள் ஜமாஅத்தையும் விடவில்லை, வழக்குச் செலவுக்கு ஒரு ரூபாய் தராமல் ஒற்றுமை மாநாட்டுக்கு மட்டும் அழைத்த நம் தோழர்களையும் விடவில்லை. நானும் குழுவும் ஒரு வரி வெட்டவில்லை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டார்கள், போடவில்லை. அந்த வழக்கு அடுத்த மாதம் மறுபடி வருகிறது. நீதிமன்றத்துக்குத் துணைக்கு வரக்கூடிய பெண் தோழர்கள் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.